கேஸ் மாத்திரைதானே

டோக்கன் நாற்பத்தொன்று. சுவரில் சிவப்பாக எரிவது இருபத்தெட்டு. இருபத்தெட்டு உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது, அப்படி என்னதான் பேசுவார்களோ, நாம் போனால் மட்டும் இரண்டு நிமிஷத்தில் மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த இரும்பு நாற்காலிகள் நாலையும் ஒரே கம்பியில் கோத்து வைத்திருக்கிறார்கள், அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவர் காலை ஆட்ட ஆட்ட இந்தக் கோடியில் நான் ஆடுகிறேன். காலை ஆட்டாதீர்கள் என்று சொல்லலாம். இதயத்துக்குப் பார்க்க வந்த மனுஷரிடம் எதையாவது சொல்லி, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் நான்தான் காரணம் என்றாகும். ஏற்கெனவே ஒருத்தருக்கு நான் காரணம், அது போதும். அந்த ஒருத்தர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சிங்காரவேலு, என் வீட்டுக்காரர், முப்பத்து நாலு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். கைகளை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று சாயங்காலம் நான் மருந்துக் கடையிலிருந்து வந்து, "நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறோம்" என்றபோதுகூட ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம்தானே போகவேண்டும், எதற்கு முன்னாலேயே என்று ஒரு வார்த்தை. இல்லை. நானாகத்தான், "டாக்டர் அடுத்த வாரம் ஊருக்குப் போறாராம்" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். சரி என்று சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்கவேண்டியதைக் கேட்காத ஒரு மனுஷனோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

இருபத்து மூன்று நாள். கைப்பையைத் திறந்து மறுபடியும் பார்க்கிறேன். நீலக் கலரில் ஏழு குழி வைத்த மாத்திரைப் பெட்டி, அதற்குக் கீழே ஒரு அட்டை, பாதி ஊதா பாதி ரோஸ் நிறத்தில் பத்து மாத்திரை இருந்த அட்டை, இப்போது காலி. அது என் மாத்திரை. எனக்கு நெஞ்சு எரிச்சல், புளித்த ஏப்பம், எட்டு வருஷமாகக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் அதைத்தான் போடுகிறேன். அவருக்கு எழுதிக் கொடுத்தது மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒன்று, அதுவும் வெறும் வயிற்றில்தான், அதுவும் கேஸ் மாத்திரைதான். இரண்டும் கேஸ் மாத்திரை. இதில் என் தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன், பிடி கிடைக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெர்னதெத்திடம், "ரெண்டு அட்டையாக் குடும்மா, சாருக்கும் இதத்தான் குடுக்குறேன், சீக்கிரம் தீந்துபோகுது" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன், ஒரே மாத்திரையை வைத்து இரண்டு பேரைச் சமாளிக்கும் கெட்டிக்காரி மாதிரி. அந்தப் பெண் டிராயரை இழுத்த கையோடு நின்றுவிட்டது. "சாருக்கா? ஸ்டென்ட் வெச்சிருக்காங்களே, அவங்களுக்கா?" ஆமாம் என்றேன். "அம்மா, அவங்க ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை போடுறாங்கல்ல, மதியம், ரோஸ் கலர்ல. அது கூட இது சேராதும்மா. உள்ள போய் அந்த மாத்திரைய வேல செய்ய விடாது. அதனாலதான் டாக்டர் வேற எழுதியிருப்பாங்க." நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். "எல்லாம் கேஸ் மாத்திரைதானேம்மா." அவள் சிரிக்கவில்லை. "எல்லாம் ஒண்ணு இல்லம்மா. எத்தன நாளாக் குடுக்குறீங்க?" நாலைந்து நாள் என்றேன். வாயில் அதுதான் வந்தது. மஞ்சள் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, "நாளைக்குக் காலைலேருந்து இத மட்டும் குடுங்க. நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, ரோஸ் மாத்திரைய ஒரு நாளும் விடாதீங்க, நாளைக்கே போய் டாக்டரப் பாருங்க" என்றாள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது அவளுக்கு, என் பெண்ணைவிடச் சின்னவள். அவள் முன்னால் கடைப்பலகையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

முப்பது. நம்பர் நகர்கிறது, இருபத்தொன்பது எப்போது போயிற்று என்று தெரியவில்லை. இந்தக் கை முப்பத்தொரு வருஷம் ஆர்.எம்.எஸ்.ஸில், ரயில்வே தபால் ஆபீஸில், கடிதம் பிரித்த கை. ஜங்ஷன் பக்கத்துக் கட்டிடத்தில், மரக்குழிகள் வரிசையாக அடித்த அலமாரிக்கு முன்னால் நின்றபடி, தில்லைநகர் என்றால் பதினெட்டு, காட்டூர் என்றால் பத்தொன்பது, கண் பின்கோடைப் படிக்குமுன்னே கை குழியில் போட்டுவிடும். ஒரு எண் மாறினால் கடிதம் ஊருக்கு அந்தப் பக்கம் போய்விடும். நேர்முகத் தேர்வுக்குப் போகவேண்டியவன் போகாமல் நின்றுவிடுவான், ஆபீஸில் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றியது அது. எல்லாம் கடிதம்தானே, எந்தக் குழியில் விழுந்தால் என்ன என்று நான் ஒரு நாளாவது நினைத்தேனா? அப்படி யாராவது சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் இந்த ஏழு குழிப் பெட்டியையும் நானே போய் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வாரத்துக்கானதைப் பிரித்துப் போடுவேன். அட்டைகளைக் கிழித்து மாத்திரையை எடுத்துக்கொண்டு அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவேன், இடத்தை அடைக்கிறதே என்று. பேர் எழுதின அட்டையைக் குப்பையில் போட்டவள் நான், விலாசத்தைக் கிழித்துவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. மஞ்சள் தீர்ந்துவிட்டது, அந்த மழையில் மெயின் ரோடு வரைக்கும் எவள் போவாள். என் டப்பாவில் இருபது முப்பது கிடந்தது. ஏழு குழியிலும் ஏழு ஊதாவைப் போட்டேன். ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு மழை இல்லை. அடுத்த ஞாயிறு வெயில் கொளுத்தியது. அப்போதும் போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில். ஒன்றும் ஆகவில்லை என்பது உள்ளே ஆகிக்கொண்டிருப்பது தெரியாதவர்கள் சொல்கிற பேச்சு.

உள்ளே என்ன ஆகியிருக்கும்? இந்த டாக்டர், அன்வர் டாக்டர், ஐந்து மாசம் முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். ஒரு குழாய், குழாய்க்குள் வலை மாதிரி ஒரு சுருள். "இதான் ஸ்டென்ட். இதுல ரத்தம் கட்டிக்காம பாத்துக்கணும். அதுக்கு ரெண்டு மாத்திரை. அந்த ரெண்டும் வயித்தப் புண்ணாக்கி உள்ள ரத்தம் கசிய வெச்சிடலாம், அதுக்குக் காவலா இந்த கேஸ் மாத்திரை." எவ்வளவு தெளிவாகச் சொன்னார். காவலுக்கு எவனை வைத்தாலும் காவல்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். வீட்டைக் காக்க வந்தவன் உள்ளே இருக்கிறவன் கையைக் கட்டிப்போடுவான் என்று யார் நினைப்பார்கள். மூட்டு வலிக்குக் கடை மாத்திரை வேண்டாம் என்றார், கொடுக்கவில்லை. இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுகூடத் தைலத்தோடு நிறுத்திக்கொண்டேன். பல் டாக்டரிடம் போனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றார், சொன்னேன். பெரிய பெரிய விஷயத்திலெல்லாம் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு இதில் போய். எழுதிக் கொடுத்த சீட்டில் ஒரு வரி, இதற்குப் பதில் வேறு கேஸ் மாத்திரை தரக்கூடாது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? எழுதியிருந்தாலும் படித்திருக்க முடியாது, அந்தக் கையெழுத்து ஆர்.எம்.எஸ்.ஸுக்கு வந்திருந்தால் விலாசம் புரியவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்போம். இப்படி ஆளாளுக்குக் குறை சொல்லிக்கொண்டே போகலாம். குழியில் போட்டது என் கை.

"தண்ணி வேணுமா?" என்கிறார் இவர் திடீரென்று. வேண்டாம் என்கிறேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் வருகிறது குரல். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறார். எதிர் வரிசையில் ஒரு அம்மா குழந்தை மாதிரி ஒரு எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள், இவர் பார்வை அங்கேதான். எழுபது பேர் அடைத்துக்கொண்டு போகிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத ஒருத்தனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், அப்படி ஒரு பேர் டிப்போவில் இவருக்கு உண்டு. வீட்டில் மட்டும் உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண் தெரியாது. மாத்திரை வேளைக்குக் கையை நீட்டுவார், நான் போடுவேன், வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். கையில் விழுந்தது மாத்திரையா மொச்சைக்கொட்டையா என்றுகூடப் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம், ஒரு தடவை கேட்டார்தான். "இது என்ன, நேத்து இல்லியே?" அது ஒன்றுமில்லை, கம்பெனி மாறியிருந்தது, கொஞ்சம் பெரிதாக இருந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அலைச்சல், கோயம்புத்தூரிலிருந்து பெண் வேறு போன் போட்டு, "நீ பாத்துக்குவம்மா, அதான் நான் நிம்மதியா இருக்கேன்" என்று அவள் நிம்மதியையும் என் தலையில் ஏற்றியிருந்தாள். "நான் என்ன வெஷமா குடுக்குறேன்?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் உடனே விழுங்கினார். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. கேட்காமல் இருக்கிறாரே என்று நான் எரிந்து விழுவதும் நிற்கவில்லை.

வெஷமா குடுக்குறேன். இப்போது அந்த வார்த்தை திரும்பி வந்து என் எதிரில் நிற்கிறது. முப்பத்து மூன்று. இன்னும் எட்டுப் பேர். விஷம் இல்லை இது, எட்டு வருஷமாக நானே விழுங்குகிறேன், எனக்கு நல்லது செய்கிற மாத்திரை. எனக்கு நல்லது அவருக்கும் நல்லது என்று எதை வைத்து நினைத்தேன்? முந்தாநாள் மாடிப்படி ஏறி வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "என்ன?" "ஒண்ணுமில்ல, கொஞ்சம் அடச்ச மாதிரி." என் வாயில் உடனே வந்தது என்ன? "கேஸ்தான். மத்தியானம் மொச்சக் குழம்பு ரெண்டு தடவ போட்டுக்கிட்டீங்க." சொன்னதோடு விட்டேனா, உள்ளே போய் இன்னொரு ஊதாவை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். கால் மணியில் சரியாகிவிட்டது என்றார். பார்த்தீங்களா என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு. ஐந்து மாசத்துக்கு முன்னாலும் இதே வார்த்தைதான். லால்குடியில் கல்யாணம், பந்தியில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம், மத்தியானம் இரண்டு மணி. நெஞ்சு அடைக்கிறது, இடது தோள் கனக்கிறது என்றார். கேஸ்தான் என்றேன். பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தேன். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குப்புறப் படுக்கச் சொல்லி முதுகை நீவிவிட்டேன். நீவிக்கொண்டே இருந்தேன், பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது, இரண்டு பேருக்கும் அப்பாடா என்றிருந்தது. ஐந்தரை மணிக்குச் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து சில்லிட்ட பிறகுதான் ஆட்டோ. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்று மட்டும்தான் அன்வர் டாக்டர் சொன்னார். மூன்றரை மணி நேரம். இதயத்தில் ஒரு மூலை வேலை செய்யாமல் போய்விட்டது, அது இனி திரும்பாது. அந்த மூலையை நான் ஓமத் தண்ணீர் கொடுத்து மூடினேன். வேறு எந்த ஊரிலாவது இப்படி நெஞ்சு வலிக்கு முதல் பேராகக் கேஸ் என்று சொல்வார்களா, தெரியாது. நம் ஊரில் சொல்வார்கள். என் அம்மா சொன்னாள், மாமியார் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள், நானும் சொன்னேன். பயத்தைத் தள்ளிவைக்க அதைவிடச் சுலபமான வார்த்தை இல்லை. இருந்தாலும் ஒரு தடவை அடிபட்டவள் இரண்டாம் தடவையும் அதையே சொன்னால் அவளை என்னவென்று சொல்வது.

அவர் கை நெஞ்சுக்குப் போகிறது. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். கை சட்டைப் பைக்குள் போய் மூக்குக் கண்ணாடியை எடுக்கிறது, துடைக்கிறது, மாட்டிக்கொள்கிறது. "ஏங்க, ஏதாவது பண்ணுதா?" "இல்லியே. ஏன்?" "சும்மாதான்." என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்க்கிறார். டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற பார்வை அது, எனக்குத் தெரியும். நான் கைப்பையின் ஜிப்பை மூடுகிறேன். முப்பத்தாறு. சொல்லவேண்டும், அதில் பேச்சில்லை, சொல்லாமல் போனால் அந்த வலைக்குள் என்ன கட்டிக்கொண்டிருக்கிறதோ அது அப்படியே இருந்துவிடும். எப்படிச் சொல்வது என்பதுதான். "நீங்க வெளில இருங்க, நான் ரிப்போர்ட்டக் குடுத்துட்டு வரேன்" என்று தனியாகப் போய்ச் சொல்லலாம். நோயாளியை விட்டுவிட்டு டாக்டர் எதைப் பார்ப்பார். சீட்டில் எழுதி நீட்டலாம். அதை அவர் உரக்கப் படித்துவிட்டால்? இன்னொன்று இருக்கிறது. அது காலையிலிருந்து ஒரு மூலையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், நாலே வார்த்தை. டாக்டர் கடைக்காரர்களைத் திட்டுவார், இவரும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனமில்லை என்பார், எல்லோரும் நம்புவார்கள், தினம் நடக்கிறதுதானே. நடந்தது மாறாது, மாத்திரை மாறியது டாக்டருக்குத் தெரிந்துவிடும், வைத்தியமும் நடந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? பெர்னதெத்துக்கு. கையைப் பிடித்து நிறுத்திய ஒரே பிள்ளைக்கு. அவள் நேற்று வாயை மூடிக்கொண்டு இரண்டு அட்டையை எடுத்துக் கொடுத்திருந்தால் நான் இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஏழு குழியில் ஏழு போட்டிருப்பேன். அவள் தலையில் இதை ஏற்றப் பார்க்கிறேன். எத்தனை வயசானாலும் மனசு இப்படியா இருக்கும். ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன் மனசுக்குள், கடையில மாத்திக் குடுத்துட்டாங்க டாக்டர், கடையில மாத்திக் குடுத்துட்டாங்க. வாய்க்கு நன்றாகத்தான் வருகிறது.

முப்பத்தொன்பது போய் நாற்பது வராமலே, "சிங்காரவேலு" என்று சிஸ்டர் கூப்பிடுகிறாள். நாற்பது வரவில்லை போலிருக்கிறது. இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், அந்த ஐந்து நிமிஷத்தைப் பறித்துக்கொண்டார்கள். எழுந்திருக்கும்போது கைப்பை வார் நாற்காலியில் மாட்டி என்னை இழுக்கிறது, அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார். யாருக்கு யார் ஆள்துணை என்று சிஸ்டருக்கே குழப்பமாகியிருக்கும். உள்ளே ஏசி குளிர். டாக்டர் நிமிராமலே, "வாங்க சார், எப்படி இருக்கீங்க" என்கிறார். "நல்லா இருக்கேன் டாக்டர்." "நடக்குறீங்களா?" "காலைல அர மணி நேரம்." "மாத்திரையெல்லாம் கரெக்டாப் போயிட்டிருக்கா?" "அவ குடுக்குறா, நான் சாப்பிடுறேன்." டாக்டர் சிரிக்கிறார், பேனா ஏற்கெனவே பழைய மாத்திரைகளையே திரும்ப எழுத ஆரம்பித்துவிட்டது, இன்னும் இரண்டு வரி எழுதினால் மணியில் கை வைப்பார். "டாக்டர்" என்றேன். "கடையில..." என்றேன். பேனா நிற்கவில்லை. இவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, ஜிப்பைத் திறந்து காலி அட்டையை எடுத்து டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டேன். "கடையில இல்ல டாக்டர். நான்தான். இவருக்கு எழுதின கேஸ் மாத்திரை தீந்துபோச்சு, என்னோடத எடுத்துக் குடுத்துட்டேன். எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேன்." பேனா நின்றது. அட்டையை எடுத்துத் திருப்பிப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எத்தன நாளா?"

வாயைத் திறந்தேன். எண் நாக்கு நுனியில் இருந்தது, நேற்றிலிருந்து அதைத்தானே எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சத்தம் என் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. "இருபத்து மூணு நாள் டாக்டர்" என்றார் இவர். "முந்தாநாள் மட்டும் ரெண்டு. இன்னிக்குக் காலைல மறுபடி மஞ்ச மாத்திரை வந்துருச்சு." நான் அவரைப் பார்த்தேன். அவர் மேஜையில் கிடந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார். "கலர் மாறுனது தெரியுமே. மஞ்சளா உருண்டையா இருந்தது, ஊதாவா நீட்டமா ஆச்சு." "அப்ப ஏன் கேக்கல?" இதைக் கேட்டது டாக்டரில்லை, நான். டாக்டர் அறை என்றுகூடப் பார்க்காமல் குரல் உயர்ந்துவிட்டது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், சாதாரணமாக, ஸ்டாப்பிங் பேர் சொல்கிற மாதிரி. "கேட்டா நீ கோச்சுக்குவ."

பிறகு டாக்டர் பேசினார். முந்தாநாள் நெஞ்சு அடைத்ததை நானே சொன்னேன், கேஸ் என்று சொன்னதையும் சேர்த்து. மலம் கறுப்பாகப் போயிற்றா, ஈறில் ரத்தம் வந்ததா என்று கேட்டார், இல்லை என்றார் இவர். உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார், ரத்தமும் எடுத்தார்கள். திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்து நிமிஷத்தில் நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. ஈசிஜி தாளைப் பழைய தாளோடு வைத்துப் பார்த்த டாக்டர், "புதுசா மாற்றம் ஒண்ணும் தெரியல. ரத்த ரிசல்ட்டும் வரட்டும், அதுவரைக்கும் இங்கயே இருங்க" என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து அதுவும் வந்தது, அதிலும் ஒன்றும் இல்லை. "இந்தத் தடவ தப்பிச்சீங்க. எப்பவும் இப்படி இருக்காது. மஞ்சள் மாத்திரையே போகட்டும். கேஸ் மாத்திரையும் நிறுத்தக்கூடாது, ரோஸும் நிறுத்தக்கூடாது. ஒண்ணு தீந்தா அதே பேர்ல வாங்குங்க, கெடைக்கலன்னா போன் பண்ணுங்க. இனி நெஞ்சு அடச்சா கேஸான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, உடனே வாங்க, நாங்க பாத்துச் சொல்றோம்." அந்தக் கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னார். சரி டாக்டர் என்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருப்பிக் கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார். இப்போது அந்தக் கோபம் போக இடமில்லாமல் என்னையே சுற்றிச் சுற்றி வருகிறது. இருபத்து மூன்று நாளும் தினம் காலையில் ஊதாவாக இருக்கிறதே என்று பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, தப்பாக இருக்குமோ என்று ஒரு நாளாவது நினைத்திருக்கிறார். நினைத்துக்கொண்டே விழுங்கியிருக்கிறார். உயிர் போனாலும் போகட்டும், இவள் கத்துவதைக் கேட்கமுடியாது என்று ஒரு மனுஷன் நினைக்கிற அளவுக்கா நான் கத்தியிருக்கிறேன்?

ஆஸ்பத்திரி கேன்டீனில் தயிர்சாதம். ஊறுகாயை நான் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன், அதற்கும் இவர் ஏன் என்று கேட்கவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு நான் நீலப் பெட்டியைத் திறந்தேன், மதிய மாத்திரை, ரோஸ். அவர் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார். பார்வை வேறெங்கோ, கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரில். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போன கை. மாத்திரை விழவில்லையே என்று திரும்பினார். "கேளுங்க" என்றேன். "என்ன கேக்க?" "இது என்ன மாத்திரை, எதுக்குன்னு கேளுங்க." அவர் என் முகத்தைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார், பக்கத்து மேஜையில் ஆட்கள் இருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"கோச்சுக்க மாட்டியே?"

"கோச்சுக்குவேன். இருந்தாலும் கேளுங்க."